ஆனைமலைத் தோப்பில் விருந்தினராக

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் இப்போது விருந்தினருக்கு அறை கொடுத்து, தோப்பைச் சுற்றிக் காட்டி, வீட்டுச் சாப்பாடும் போடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஓயாமல் வீசும் ஆடி மாதத்தில், அத்தகைய ஒரு தோட்டத்து வீட்டில் குடும்பத்தோடு தங்கினோம்.

தென்னைக்கு ஊடுபயிராக அங்கே ஜாதிக்காய் வளர்க்கிறார்கள். முற்றிய காய் தானாகவே வெடிக்கிறது. உள்ளே கொட்டையைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல் ஜாதிபத்திரி படர்ந்திருக்கிறது. பத்திரி கிழியாமல் முழுதாக வந்தால்தான் நல்ல விலை. தோட்டத்து அம்மா என் மகளின் கையில் ஒரு காயைக் கொடுத்து, "அடியிலிருந்து மெதுவா எடு கண்ணு, நகம் படாமப் பாத்துக்கோ" என்றார். கிழிந்தவற்றைத் தனியாகவும் முழுதாக வந்தவற்றைத் தனியாகவும் முறத்தில் பரப்பியபடி, அவள் அந்தக் காலைப் பொழுதை அங்கேயே கழித்தாள். பக்கத்தில் வேலை செய்த பெண்கள் அவளை விளையாட வந்த குழந்தையாக நடத்தவில்லை; சரியாக வராததைச் சரியாக வரவில்லை என்றே சொன்னார்கள். அவளுக்கு அதுதான் பெருமையாக இருந்தது.

பல தென்னைகளின் கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. காரணம் கேட்டபோது, தோட்டக்காரர் மழுப்பாமல் ஓர் ஓலையைத் திருப்பி, அடிப்புறத்தில் வெண்மெழுகுச் சுருள்களைக் காட்டினார். 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் வேலை அது. ஈ கசியவிடும் இனிப்பு நீர் கீழ்மட்டைகளின் மேல் விழ, அதில் கரும்பூஞ்சை படர்கிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப் பொறிகளை மரத்துக்கு மரம் கட்டியிருந்தார்கள். விருந்தினருக்குத் தோப்பின் நோயையும் காட்டத் துணிந்த அந்த நேர்மை, அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது.

முன்பு வேறோர் ஊரில் தங்கிய பண்ணை விடுதி ஒன்றில் நீச்சல் குளமும் குளிர்சாதன அறையும் இருந்தன. ஆனால் மாட்டுக்கொட்டகை படம் எடுப்பதற்காக மட்டுமே கட்டப்பட்டிருந்தது, எந்தக் கேள்விக்கும் விடை சொல்லத் தோட்டத்து ஆள் ஒருவரும் இல்லை. வசதியில் எந்தக் குறையும் இல்லாமலே வெறுமையோடு திரும்பினோம். விருந்தினரின் மனநிறைவை அறையின் தரத்தைக் கொண்டு அளப்பது ஓட்டலுக்குப் பொருந்தலாம். பண்ணைக்கு, அங்கே உண்மையான வேளாண்மை நடக்கிறதா என்பதும், அதைச் செய்பவர் நம்மோடு பேச நேரம் ஒதுக்குகிறாரா என்பதுமே முதன்மை. பண்ணைத் தங்கலை 1985ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கிய இத்தாலி, 2006ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் விருந்தோம்பலைவிட வேளாண்மையே மேலோங்கியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் நியாயம் எனக்கு ஆனைமலையில்தான் புரிந்தது.

இதற்காக அடிப்படை வசதிகளை விட்டுக்கொடுக்க முடியாது. சுத்தமான கழிப்பறை, காய்ச்சிய குடிநீர், கொசுவலை ஆகியவை இல்லாவிட்டால், வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் மறுமுறை வரமாட்டார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் இவை மூன்றும் இருந்தன. சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: இரவில் சுடச்சுடப் போட்ட அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும், காலையில் தேங்காய்ப்பாலோடு கொடுத்த சந்தகையும், வகைவகையாக அடுக்கி வைக்கும் விடுதி உணவைவிடப் பல மடங்கு மேலானவை.

முன்பதிவு செய்யும்போது அறை வாடகையோடு, அந்த வாரம் தோட்டத்தில் என்ன வேலை நடக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாதிக்காய் பறிப்பைக் காண ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம். தேங்காய் வெட்டு ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் என்பதால், அந்த நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.