ஆணையை நிறைவேற்றும் கை

சட்டமறுப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஒருபுறம் தனிமனிதனையும் மறுபுறம் அரசு என்னும் முகமற்ற பேருருவையும் நிறுத்திப் பார்ப்பதே என் வழக்கமாக இருந்தது. வரி கட்ட மறுத்ததற்காக அமெரிக்க எழுத்தாளர் தோரோ சிறை சென்ற நிகழ்ச்சியை மறுபடி வாசித்த பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

1846 ஜூலையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டில் அவரைப் பிடித்து அடைத்தவர் நன்கு அறிமுகமான ஊர்க்காரர்தான். வரி வசூலிப்பதும் சிறையைக் காப்பதும் அவர் ஒருவரே. வேண்டுமானால் அந்த வரியைத் தாமே கட்டிவிடுவதாகக்கூட அவர் சொல்லிப் பார்த்தார். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்குத் தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி, தர மாட்டேன் என்று உறுதியாக நின்ற தோரோ, சாலை வரியை மட்டும் என்றும் மறுத்ததில்லை. நல்ல அண்டைவீட்டுக்காரனாக இருக்க அவர் விரும்பினார். எதை மறுக்க வேண்டும், எதை மறுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோட்டை நான் கண்டதில்லை. நான் என்ன செய்வது என்று வரி அதிகாரி கேட்டால், பதவியைத் துறந்துவிடுங்கள் என்பதே அவர் தந்த விடை.

1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில், தம்மீது தொடுக்கப்பட்ட இராஜத்துரோக வழக்கில் காந்தியும் இதையே நீதிபதி புரூம்ஃபீல்டிடம் சொன்னார்: இந்தச் சட்டம் தீயது என்று கருதினால் பதவி விலகுங்கள், நல்லது என்று கருதினால் எனக்கு உச்சத் தண்டனை கொடுங்கள். குற்றத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, தண்டனையையும் கேட்டு வாங்கிக்கொள்பவரைச் சட்டத்தின் பகைவர் என்று எப்படிச் சொல்வது? ஆறாண்டுச் சிறை விதித்த அந்த நீதிபதி, அரசு பின்னர் அதைக் குறைக்குமானால் தம்மைவிட மகிழ்பவர் எவரும் இருக்க மாட்டார் என்றார். பதவி விலகவில்லை, ஆனால் கேள்வி அவரைத் தொடாமலும் போகவில்லை.

பிள்ளைகுட்டி உள்ள ஒருவரிடம் வேலையை விட்டுவிடு என்பது கொடுமையான கோரிக்கைதான்; அதை இலேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், பண்டைய ஏதென்ஸில் முப்பதுபேர் கொண்ட கொடுங்கோல் குழுவின் ஆட்சி நடந்தபோது, குற்றமற்ற லியோனைக் கொல்வதற்காகச் சலாமிஸ் தீவிலிருந்து பிடித்துவர ஐந்து பேரை ஏவியதை நினைத்துக்கொள்கிறேன். நால்வர் சலாமிஸுக்குப் போய் அவரைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாமவரான சாக்ரடீஸ் எந்த உரையும் ஆற்றாமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அந்த ஆட்சி விரைவில் கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே தம்மைக் கொன்றிருப்பார்கள் என்று, பின்னாளில் வேறொரு வழக்கில் தம் உயிருக்காக வாதாடும்போது அவர் சொன்னார்.