ஒரே கணினியில் 100 ஜிகாபிட் கார்டைச் சோதித்த அனுபவம்

100 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டையும் அதன் லினக்ஸ் டிரைவரையும் சோதிக்க இரண்டு சர்வரும் ஒரு சுவிட்சும் இருந்தால் வசதி. என்னிடம் இருந்தது ஒரு மேசைக் கணினி, செகண்ட்ஹேண்டில் வாங்கிய இரண்டு போர்ட் கார்டு, ஒரு டாக் கேபிள் (இரு முனையிலும் இணைப்பியோடே வரும் செம்புக் கேபிள்). கார்டின் ஒரு போர்ட்டை இன்னொரு போர்ட்டோடு கேபிளால் இணைத்துத் தொடங்கினேன்.

இரண்டு போர்ட்டுக்கும் ஐபி கொடுத்து வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டினால் மட்டும் போதாது. இரண்டு முகவரியும் தன்னுடையவை என்பதால் லினக்ஸ் பாக்கெட்டை லூப்பேக் வழியாக உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடும். வேகம் நன்றாகத்தான் காட்டும், ஆனால் கார்டுக்கு வேலையே இருக்காது. அதனால் ஒரு போர்ட்டைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள், அதாவது நெட்வொர்க்கைப் பொறுத்தவரை தனிக் கணினி போல நடக்கும் பகுதிக்குள், வைத்தேன். அப்புறம் ஓட்டத்தின் நடுவில் கேபிளைப் பிடுங்கினேன், டிராஃபிக் நின்றது. இதைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பேன்.

அடுத்தது பிசிஐஇ, அதாவது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை. கார்டு அதில் 16 லேனுக்கானது (லேன் என்பது ஒரு தடம்), எல்எஸ்பிசிஐ கட்டளையில் பார்த்தால் 8 லேன்தான் ஓடியது. மூன்றாம் தலைமுறையில் 8 லேனுக்கு ஒரு திசையில் சுமார் 63 ஜிகாபிட்தான் உச்சம். டிரைவரில் என்ன செய்தாலும் அதைத் தாண்ட வழியில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அந்த ஸ்லாட்டில் போட்டதும் 16 லேன் கிடைத்தது. அதிலும் சுமார் 126தான், இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் 100 அனுப்ப முடியாது.

சரி, சின்ன பாக்கெட்? 64 பைட் பாக்கெட்டில் 100 ஜிகாபிட்டை நிரப்ப நொடிக்கு 14.88 கோடி பாக்கெட் வேண்டும், ஒன்றுக்கு 6.7 நானோநொடி. லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் பாக்கெட் அனுப்பும் கருவியான பிகேடிஜென் என் கணினியில் அதன் பக்கத்தில்கூட வராது. அதனால் வேகத்தை விட்டுக் கணக்கைப் பிடித்தேன். அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை, விழுந்தது எந்த கவுண்டரில் ஏறியது என்று கார்டின் கவுண்டர்களைக் காட்டும் எத்டூல் கட்டளையில் ஒப்பிட்டேன். டிராஃபிக் ஓடும்போதே ரிங் (பாக்கெட்டுகளுக்கான வட்டப் பட்டியல்) அளவு, க்யூ எண்ணிக்கை, எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு) எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். டிரைவரின் பிழைகள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்த இடங்களில்தான்.

டிஎம்ஏ டீபக் (கார்டு நேரடியாக எட்டும்படி டிரைவர் மேப் செய்யும் நினைவகத்தைக் கண்காணிக்கும் வசதி) போட்டுக் கட்டிய கெர்னலில் இதையே திரும்பச் செய்தபோது பலன் கிடைத்தது. டிரைவரை இறக்கியதும், விடுவிக்கப்படாத மேப்பிங்குகள் மிச்சம் இருப்பதாக லாகில் எச்சரிக்கை வந்தது. தேடிப் போனால், ரிங் அளவை மாற்றும் பாதையில் கசிவு. இதைப் பிடிக்க 100 ஜிகாபிட் வேகமே தேவைப்படவில்லை.

இந்த அமைப்பில் சோதிக்க முடியாதது ஒன்று உண்டு. இரு முனையிலும் ஒரே ஃபர்ம்வேர் என்பதால், எஃப்இசி (பிழை திருத்தம்), ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் வேகம் முதலியவற்றைத் தாமே பேசி முடிவு செய்வது) விஷயங்களில் மற்ற நிறுவனக் கார்டுகளோடு வரும் சிக்கல் இங்கே தெரியாது. அதற்காக வேறு நிறுவனத்தின் பழைய 100 ஜிகாபிட் கார்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.