போட்டி மேடையிலிருந்து முதல் ஆல்பம் வரை

டிவி பாட்டுப் போட்டியில் முகம் தெரிந்துவிட்டால் ஆல்பம் தானாக வந்துவிடும் என்று மார்த்தாண்டம் பக்கம் இன்றும் பலர் நம்புகிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. சேனலோடு போட்ட ஒப்பந்தப்படி, போட்டி முடிந்தும் கொஞ்ச காலம் அவர்களைக் கேட்காமல் வெளியே எதையும் பதிவு செய்யக் கூடாது. அந்த இடைவெளியில்தான் என் முதல் கிறிஸ்தவ ஆல்பத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தேன்.

சபையில் சின்ன வயதிலிருந்து பாடிய, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று கண்டிப்பாக வேண்டும் என்று நினைத்தேன். அவர் காலமானது 1864இல். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்பிரைட் முடிந்துவிடும், அதனால் வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே வரிகளுக்கு இக்காலத்தில் ஒருவர் போட்ட புது மெட்டை எடுத்தால் அவரைக் கேட்டே ஆகணும். நான் சபையில் பாடும் பழைய ராகத்திலேயே பாடினேன்.

புதுப் பாடல்களை எழுதியவர் எங்கள் உபதேசியார், சபையில் போதிக்கும் ஊழியர். ஒப்பந்தத் தாளை நீட்டியதும், "கர்த்தருக்குத்தானே எழுதினேன், எனக்கு எதுக்கு மக்ளே பேப்பர்?" என்றார். அப்படிப்பட்டவருக்குத்தான் கட்டாயம் பேப்பர் வேண்டும் என்பேன். பாடல் எங்கே வந்தாலும் அவர் பெயர் வர வேண்டும், வருமானம் வந்தால் பங்கு போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ரெக்கார்டிங் தொடங்கினோம்.

அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். மழையில் வெட்டு நின்றால் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது, வேலையும் நிற்கும். மெயின் குரலோடு சேர்ந்து ஒலிக்கும் ஹார்மனி பாட ஆள் வைக்கவில்லை. கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி, பாடிய பழக்கம் இருந்ததால் எல்லா அடுக்கையும் நானே பாடினேன்.

பாடுவதில்தான் பெரிய மாற்றம் தேவைப்பட்டது. போட்டியில் ஒன்றரை நிமிடத்துக்குள் உச்ச ஸ்தாயியைத் தொட்டு நடுவர்களை எழுந்து நிற்க வைக்கணும். நாகர்கோவில் ஸ்டுடியோவில் ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓட அப்படியே பாடினேன். சவுண்ட் இன்ஜினியர் அண்ணன் நிறுத்தினார். "மக்ளே, கத்தண்டாம். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்னு மெதுவா சொன்னாலே கேக்கும்." பல்லவியில் 'இரக்கம்' என்று ஒரு சொல். அதன் 'க்க' அழுத்தமாக விழாமல், 'ம்' காதில் நிற்கும்படி திரும்பத் திரும்பப் பாடினேன். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகங்களில் பாதியை விட்டேன். கிறிஸ்தவப் பாட்டில் சொல் கேட்கவில்லை என்றால் ஜெபம் கேட்கவில்லை. வித்தை காட்டப் பாடும் தம்பி, தங்கைகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியீட்டுக்கு, பாட்டை ஆன்லைன் தளங்களுக்கு அனுப்பும் டிஜிட்டல் டிஸ்ட்ரிபியூட்டரிடம் வேவ் ஃபைலும் அட்டைப்படமும் கொடுத்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் வரும், குறித்து வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வெளியிட நினைத்தால் நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்புவது நல்லது. மிக்சிங் முடிந்த அன்றே பாடும் குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள மைனஸ் ட்ராக்கையும், வாத்தியங்களும் குரலும் தனித்தனியாக உள்ள ஸ்டெம்களையும் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது அந்த மைனஸ் ட்ராக்கைத்தான்.