கார்க் நகரத்து எலிகளும் கடையில் விற்கும் புரோபயாடிக்கும்

குடலைச் சீராக்கினால் மனமும் தெளியும் என்று சொல்லி விற்கப்படும் புரோபயாடிக் (உயிருள்ள பாக்டீரியா அடங்கிய) மாத்திரைகளை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நான் அயர்லாந்தின் கார்க் நகரத்து எலிகளிலிருந்துதான் தொடங்குவேன்.

அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் ஜான் கிரையன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பிலேயே மிரளும் சுபாவமுள்ள சுண்டெலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் பாக்டீரியாவின் ஜேபி-1 என்ற ரகத்தை ஊட்டினார்கள். பிறகு அவற்றைத் தண்ணீரில் விட்டு, நீந்துவதைக் கைவிட்டுச் சும்மா மிதக்கும் நேரத்தை மனச்சோர்வின் அளவாகக் கணக்கிட்டார்கள். பாக்டீரியா உண்ட எலிகள் அவ்வளவு எளிதில் ஓய்ந்துவிடவில்லை. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிகோஸ்டீரோனும் அவற்றுக்குக் குறைவாகவே ஏறியது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளிடமோ இந்தப் பலன் தென்படவில்லை. குடலில் ஊறும் செரோடோனின் என்ற வேதிப்பொருள்தான் மகிழ்ச்சி தருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்தைவிட எனக்கு இந்த நரம்புவழி விளக்கம் நம்பகமாகப் படுகிறது. அந்தச் செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை.

பிறரோடு பழகும் தன்மையைப் பற்றிய ஆய்வு 2016-இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. கொழுப்பு மிகுந்த உணவு உண்ட தாய் எலிகளின் குட்டிகள் மற்ற எலிகளோடு பழகாமல் ஒதுங்கின. அவற்றின் குடலில் லாக்டோபேசில்லஸ் ராய்ட்டெரி என்ற பாக்டீரியா வெகுவாகக் குறைந்திருந்தது. அதைக் குடிநீரில் கலந்து கொடுத்ததும் அவை பழகத் தொடங்கின. இயல்பான எலிகளோடு ஒரே கூண்டில் வளர்த்தாலும் அதே பலன் கிடைத்தது. எலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்று தின்னும் என்பதால் பாக்டீரியா அப்படியே கைமாறிவிடுகிறது (மனிதர்களுக்கு இந்த வழியை யாரும் பரிந்துரைக்காதிருப்பது நிம்மதி).

மனிதர்களிடம் வந்தபோதுதான் கதை மாறியது. அதே கார்க் குழுவினர், அதே ஜேபி-1 ரகத்தை, உடல்நலமுள்ள 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். மனநிலையிலோ, பனிநீரில் கையை வைத்து அழுத்தத்தைத் தாங்கும் சோதனையிலோ, போலி மாத்திரையைவிட அது எவ்விதத்திலும் மேலாக இருக்கவில்லை. எலியிடம் பலித்த தங்கள் பாக்டீரியா மனிதனிடம் பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய அந்தக் குழுவின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

ஆகவே, மாத்திரை வாங்குவோர் அட்டையில் பாக்டீரியாவின் பெயரோடு ரகக் குறியீடும் இருக்கிறதா, அந்த ரகம் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. வீட்டுத் தயிரைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எந்த ரகம் என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். நான் தினமும் தயிர்சாதம் சாப்பிடுவது அதன் ருசிக்காகத்தான்.