இன்வாய்ஸும் பாவசங்கீர்த்தனமும்

கொழும்பில் கிளியரிங் வேலை, அதாவது இறக்குமதிச் சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கிற வேலை, பார்க்கிறவர்களுக்குச் சோதனை பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல், அதன் கீழே "மிஸ், பழையத விடுங்க, இந்த இன்வாய்ஸப் போடுங்க" என்று ஒரு வரி. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாமான் அதே, எண்ணிக்கை அதே, சப்ளையர் அதே, தேதியும் அதே. விலை மட்டும் பாதி. சில பேர் லெட்டர்ஹெட்டைக்கூட ஒழுங்காக ஒட்டமாட்டார்கள், கம்பனிப் பெயர் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.

நான் டொக்கியுமென்டேஷன் மேசையில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பி.எல். என்ற கப்பல் சரக்குப் பத்திரம் மூன்றும் வந்தால், எந்தச் சாமானுக்கு எந்த வரி என்று சொல்லும் எச்.எஸ். கோட் பார்த்து, கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனத்தை அடிப்பது என் வேலை. வரி கட்டி, சாமானை விடுவிக்கச் சொல்லும் டி.ஓ. எடுத்து, பெட்டியை, அதாவது கன்டெய்னரை, துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவருவது வார்ஃப் கிளார்க்குகளின் வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன்: நாம் காட்டுகிற பெறுமதியின் மேல்தான் எல்லாமே ஏறும். தீர்வை, செஸ், துறைமுக வரி, அதற்கு மேல் வற் என்ற பெறுமதி சேர் வரி. 2022 ஒக்டோபரிலிருந்து 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானது. இன்வாய்ஸ் விலையைப் பாதியாக்கினால் இவ்வளவும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வரி ஏற ஏற சாய்ந்த லெட்டர்ஹெட்டுகளும் கூடிக்கொண்டே போனதை என் மேசையிலிருந்தே பார்த்தேன்.

2022இல் டொலர் இல்லாமல் பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் ஃபோனிலேயே கேட்டார்: "நாட்டையே தின்னவங்க நல்லா இருக்காங்க, நாங்க ஒரு இன்வாய்ஸை மாத்தினா மட்டும் நரகமா மிஸ்?" அவருடைய கோபம் நியாயமானது. அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குள் ஏற்கெனவே அந்தச் சொல்லை அவரே போட்டுவிட்டார் என்பதை மட்டும் கவனித்தேன். நான் நரகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலில், ஏழாம் கட்டளைக்கான பகுதியில், 2409ஆம் எண்ணில் ஒரு பட்டியல் வருகிறது. வரி ஏய்ப்பு, போலிக் காசோலை, போலி இன்வாய்ஸ் எல்லாம் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குத் தயார் செய்யும்போது அதை முதன்முதலில் பார்த்துச் சிரித்துவிட்டேன், யாரோ எங்கள் கந்தோருக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல. அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை: வேலையை அரைகுறையாகச் செய்வது. அதுவும் களவுதான். பின்னேரம் நாலரைக்குப் பிறகு எங்கள் கந்தோரில் நடப்பது முழுக்க அந்த வகைக்குள் வரும்.

எங்கள் முதலாளி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற சைவர். இரண்டாவது இன்வாய்ஸ் விஷயத்தில் கண்டிப்பானவர், அசல் இல்லாமல் ஃபைல் திறக்கவே விடமாட்டார். பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம், அதை அவரே சொல்வார். ஆகவே பெரிய பாவத்திலிருந்து நான் தப்பி இருப்பது என் பக்தியால் அல்ல, அவருடைய பயத்தால். இதை மறந்துபோன நாட்களும் உண்டு. பக்கத்துக் கட்டடத்துக் கம்பனியின் பெட்டி சோதனையில் மாட்டியது என்று கேள்விப்பட்டால் மனதுக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறும், பாருங்கள், அது லூக்கா 18இல் வருகிற பரிசேயனின் இனிப்பு. 'இந்த வரிதண்டுபவனைப் போல நான் இல்லை' என்று நன்றி சொன்னானே, அவனுடையது. கோயிலில் தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவன்தான் அன்று கடவுளுக்கு ஏற்புடையவனாக வீட்டுக்குப் போனான். மத்தேயுவையும் இயேசு கூப்பிட்டது சுங்கச்சாவடியில் இருந்துதான். எங்கள் தொழிலைப் பற்றி நற்செய்தி கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறது.

என்னுடைய போராட்டம் வேறு இடத்தில். "கஸ்டெக் போட்டாச்சு அண்ணே, சிஸ்டம்தான் ஸ்லோவா இருக்கு" என்று, ஃபைலை இன்னும் திறக்காத நேரத்தில் சொல்வது. கோட் பிழையாகிப்போனால் பக்கத்தில் இருக்கிற பொடியன் மேல் எரிந்து விழுவது. மத்தியானச் சாப்பாட்டில் பார்சலோடு சேர்த்து ஒருவரையாவது பிரித்துப்போடுவது. எல்லாம் அற்பப் பாவங்கள் என்று சிறுவயதில் படித்தோம். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும், இதில் காரியம் கனமில்லை, சரி. ஆனால் இது ஒவ்வொரு நாளும் வருகிறது. ஒரே பாவத்தை மாதத்துக்கு மாதம் அதே ஒழுங்கில் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் போய்ச் சொல்லும்போது எனக்கே அலுத்துவிடுகிறது. விரும்பும் நன்மையைச் செய்வதில்லை, விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் உரோமையருக்கு எழுதினாரே, அவர் அப்போஸ்தலர். அவருக்கே அப்படியென்றால் டொக்கியுமென்டேஷன் மேசைக்கு எப்படி இருக்கும்.

இந்த அலுப்பிலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஒரு அண்ணன் இருந்தார். அவருடைய பங்கில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக்குழுவில் பாடுவார், நல்ல குரல். லொறிக்காரர்களிடம் ஒரு சின்னக் கமிஷன் வாங்கப் பழகினார். பெரிய காசு இல்லை, பிள்ளையின் டியூஷனுக்குப் போதும். முதலில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதை நிறுத்தினார். பிறகு பாடுவதை விட்டுவிட்டுப் பின் வாங்கில் இருந்தார். பிறகு வெளியில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்டும் கேட்காமலும். கடைசியில் கல்யாணம், செத்தவீட்டுக்கு மட்டும். ஏன் அண்ணே என்று ஒரு தடவை கேட்டேன். "ஒண்டும் இல்ல தங்கச்சி, வேலை கூட" என்றார். கமிஷன் அவரை ஒரு படி கீழே இறக்கியது. மீதித் தூரம் முழுக்க அவராகவே நடந்தார், வெட்கத்தில்.

வேலை கூட. இதைவிட நல்ல மறைவிடம் கொழும்பில் கிடையாது. ஆதாம் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தான், நாம் ஃபைலுக்குப் பின்னால். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகவில்லையா? கப்பல் வந்திருக்கு. ஞாயிறு? திங்கட்கிழமைக்கு டொக்கியுமென்ட் ரெடி பண்ணணும். யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள், பிழைப்பு என்று சொன்னால் பங்குத்தந்தையும் தலையாட்டுவார். 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று கடவுள் ஆதாமிடம் கேட்டதற்கு, பயமாயிருந்தது, ஒளிந்துகொண்டேன் என்றாவது அவன் உண்மையைச் சொன்னான். நாம் அதுவும் சொல்வதில்லை.

பேதுருவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எனக்கு வேதாகமத்தில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். லூக்கா 5இல் வலை கிழியுமளவுக்கு மீன் பட்டதும் இயேசுவின் காலில் விழுந்து, ஆண்டவரே, நான் பாவி, நீர் என்னைவிட்டுப் போய்விடும் என்கிறார். அப்போது அவர் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை. யோவான் 21இல் மறுபடியும் அதே கடல், அதே மாதிரி இரவு முழுக்க ஒன்றும் படாத வலை, மறுபடியும் மீன். இதற்கிடையில் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தாயிற்று. இப்போதுதான் நியாயப்படி 'போய்விடும்' என்று சொல்லவேண்டிய மனிதர், கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரை ஏறக்குறைய இருநூறு முழம். படகு வந்து சேரும்வரைக்கும் பொறுக்க முடியவில்லை. கரையில் கரி நெருப்பு மூட்டியிருக்கிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் அவர் குளிர்காய்ந்தபடி மறுதலித்ததும் ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்தில்தான், யோவான் இரண்டையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அந்த நெருப்பைக் கண்டும் பேதுரு திரும்பிப் போகவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினான், காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோய் எறிந்தான், வருத்தத்தில் குறைவில்லை. அவன் போன திசைதான் வேறு.

விழாமல் இருப்பது எப்படி என்று நிறையப் பேர் பிரசங்கிக்கிறார்கள். விழுந்த அன்றே திரும்பிப் போவது எப்படி என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. செபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை, விழுந்தவனுக்கு முதலில் வராதது செபம்தானே.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய முறை. புனித இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் எழுதி வைத்தது, ஒரு தியானத்தில் இயேசு சபைக் குருவானவர் ஒருவர் சொல்லித் தந்தார். ஏதாவது ஒரு குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழும்போது அதை நினைவில் வைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், எத்தனை தரம் விழுந்தோம் என்று பார்த்து ஒரு கோட்டின் மேல் அத்தனை புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கோடு. இன்றைக்கும் நேற்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுத்தக் கிளார்க் வேலை, அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்றும் சொல்கிறார்: விழுந்த அந்தக் கணமே கையை நெஞ்சில் வைத்து மனம் வருந்து, நாலு பேர் இருக்கும் இடத்திலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்று. உண்மைதான். என் கழுத்தில் கந்தோர் அடையாள அட்டை தொங்குகிறது, அதை நேராக்குவதுபோல ஒரு தரம் தொட்டுக்கொள்வேன். ஃபோனை வைத்த கையோடு. 'சிஸ்டம் ஸ்லோ' சொல்லி முடித்த வாயோடு.

புள்ளிகளை ஜொப் டயரியின் மூலையில் வைக்கிறேன். குறைகிறதா என்றால் சில மாதம் குறைகிறது, சில மாதம் கப்பல்கள் ஒன்றாக வந்து சேர்ந்து கோடே மறைந்துவிடுகிறது. ஆனால் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்துக் கூனிப்போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற வழக்கம் விட்டுப்போனது. மத்தியானமே ஒரு தரம் திரும்பிவிட்டால் பின்னேரம் ஒளிய அவ்வளவு தேவை இருப்பதில்லை.

எங்கள் வார்ஃப் நானாவுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. லுஹர் என்ற மத்தியானத் தொழுகை நேரம் வந்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு தடவை அவசர டி.ஓ. ஒன்றுக்காக மறிக்கப் பார்த்தேன். "தங்கச்சி, பெட்டி எங்கயும் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி ஓடவில்லை.

போன வருடம் மன்னாரிலிருந்து ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தான், நான் எரிந்து விழுவது இப்போது பெரும்பாலும் அவன் மேல்தான். மடு மாதா திருவிழாவுக்கு லீவு கேட்டு முதல் வாரமே முதலாளியிடம் நின்றவன். அவனுக்கு எனக்கு நேர் எதிரான வருத்தம், தொட்டதெல்லாம் பாவம். ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய வெட்டி ஒட்டிய இன்வாய்ஸை, முதலாளி பார்த்து நிறுத்துவதற்கு முன், அவன் தெரியாமல் பாதிவரைக்கும் அடித்துவிட்டான். அன்றிலிருந்து நன்மை வாங்குவதில்லை. "இதுக்குப் பிறகு எப்பிடி அக்கா நன்மை வாங்கிறது?" என்று கேட்டான், முகத்தில் உண்மையான கலக்கம். முழு அறிவு இருந்ததா, சம்மதம் இருந்ததா என்று மறைக்கல்விப் பாடத்தையே திருப்பிச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. பாட்டுக்குழு அண்ணனின் ஹெல்மட் எனக்கு ஞாபகம் வந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு, பாதரிடம் போய்ச் சொல்லு, பெரிதா சின்னதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீ போகாமல் இருக்காதே என்றேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. அன்று அவனுடைய பெட்டி ஒன்று ஒருகொடவத்தையில் சோதனைக்கு நின்றுவிட்டது. இந்தத் தடவை 'வேலை கூட' என்பது மெய்யாகவே மெய்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே எழுந்தான்.

"அக்கா, ஒருக்காக் கொட்டாஞ்சேனை வரைக்கும் போட்டு வாறன். ஆராவது கேட்டா வார்ஃபுக்குப் போட்டன் எண்டு சொல்லுங்கோ."

அப்படிச் சொல்லமாட்டேன், கோயிலுக்குப் போயிருக்கிறான் என்றுதான் சொல்வேன் என்றேன்.