ரேடியேட்டருக்கு வெறும் தண்ணி போதாது

மதுரையில தண்ணி பனியா உறையாதுதான். ஆனா கூலண்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணியில கலக்குற திரவம், துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் ஏத்தும். தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா சுமார் 107 டிகிரியிலதான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிச்சா இன்னும் மேல போகும்.

உப்பான போர் தண்ணிய ஊத்தவே ஊத்தாதீங்க. வெந்நீர்ப் பானை அடியில வெள்ளையா படியுமே, அதேதான் ரேடியேட்டர் குழாய்லயும் படியும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது சூடு காட்டுற ஊசி சிவப்புக்குப் போயிடும்.

கூலண்ட் மாத்தும்போது இன்ஜின் முழுசா ஆறணும். சூட்டுல மூடியத் திறந்தா முகம் வெந்துடும். பழசை வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசுங்க. அலசின தண்ணி இன்ஜின் பிளாக்குல கொஞ்சம் தங்கும். அதனால கொள்ளளவு 6 லிட்டர்னா, முதல்ல 3 லிட்டர் கான்சன்ட்ரேட்டை (தண்ணி கலக்காத கூலண்ட்) ஊத்திட்டு, மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுங்க. ஏற்கெனவே தண்ணி கலந்து வர்ற ரெடிமிக்ஸ்னா தண்ணி கலக்காதீங்க. அலசின தண்ணியையும் முடிஞ்சவரை வடிச்சிடுங்க. கலரைப் பார்த்து வாங்காதீங்க, வண்டி கையேட்டுல இருக்கிற வகையைப் பாருங்க.

ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு ஓட்டிக் காத்தை வெளியேத்துங்க. ஆறினதும் மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்க.

வடிச்சதை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. அது இனிக்கும், நாய் நக்கினா கிட்னி போயிடும்.