கொட்டாங்கச்சியில் தெரியாத நிறம்

அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனால் மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடம் இட்லிக்கடை நடத்தினாள். விடியற்காலை மூன்று மணிக்குச் சீமைக்கருவேல விறகை மூட்டி, ஊதுகுழலால் ஊதி ஊதி உள்ளே இழுத்த புகை, அறுபத்தைந்து வயதில் வட்டியோடு வந்து நின்றது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்று எழுதிக் கொடுத்தார்கள். "புகை பிடிப்பவர்களுக்குத்தானே அது வரும்?" என்று கேட்பவர்களுக்கு அம்மா அடுப்படியைக் கைகாட்டுவாள்.

தினமும் இன்ஹேலர் இழுத்தால் ஓரளவு ஓடும். திடீரென்று ஒரு வாரம் இளைப்பு கூடிவிடும், படுக்க முடியாது. முதல் இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: மருந்துக்கடையில் போய் நின்றேன். "சளியா? இந்தாங்க" என்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் இருந்த சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பதற்கான அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும்.

மூன்றாம் முறை ஐப்பசி மழையில் வந்தது. மாத்திரை மூன்றும் முடிந்தும் அம்மா சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தாள். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். விரலில் மாட்டிய கருவி, இரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம் என்று காட்டியது. நெபுலைசர் வைத்து, ஆக்சிஜனைச் சிறிதளவே திறந்தார் செவிலியர். 90-இல் நின்றதும் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்றேன். இந்த நோயாளிகளுக்கு 88-இலிருந்து 92 வரை போதும், அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமிலவாயு உடம்பில் தேங்கிவிடும் என்றார். நல்லவேளை, குழாய் என் கையில் இல்லை.

மருத்துவர் மூன்றே கேள்வி கேட்டார். இளைப்பு கூடியிருக்கிறதா? சளி வழக்கத்தைவிட அதிகமா? நிறம் மாறியிருக்கிறதா? முதல் இரண்டுக்குப் பதில் இருந்தது. மூன்றாவதற்கு அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா துப்புவது சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியில். அதில் என்ன நிறம் தெரியும்? வெள்ளைக் கப் ஒன்றைக் கொடுத்தார்கள். பார்த்தோம்; பாசிப் பச்சை.

கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்து 1987-இல் வெளியான ஆய்விலிருந்து வந்த கேள்விகள் அவை என்று பிறகு படித்தேன். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஆன்டிபயாடிக் நன்றாகப் பலன் தந்ததாம்; ஒன்று மட்டும் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

அம்மாவுக்கு அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த 625 மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை, ஐந்து நாள். காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், அதுவும் ஐந்து நாள். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான சளிப் பரிசோதனை. சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயையும் கொஞ்ச நாள் அமுக்கிவைத்து ஏமாற்றிவிடும் என்பதால் அது. காசநோய் இல்லை என்று வந்தது.

இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மோரும் கஞ்சியுமாகச் சமாளித்தோம். மூன்றாம் நாள் கப்பில் பச்சை போய் வெளிர்மஞ்சள். ஐந்தாம் நாளும் இருமல் நிற்காததால் எனக்குக் கை பரபரத்தது, இன்னொரு அட்டை வாங்கிவிடலாமா என்று. தொலைபேசியில் கேட்டதற்கு மருத்துவர் மறுத்துவிட்டார்: "கிருமிக்கான வேலை முடிந்தது. நுரையீரல் பழைய நிலைக்கு வரச் சில வாரம் ஆகும். பொறுங்கள்." மாத்திரை விழுங்கச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பொறுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்கழியில் மறுபடியும் இளைப்பு. இம்முறை சளி கொஞ்சம்தான், வெள்ளை. இரத்தத்தில் சி.ஆர்.பி. (கிருமித் தொற்று இருந்தால் கூடும் ஒரு புரதம்) பார்த்தார்கள், குறைவு. நெபுலைசரும் ஸ்டீராய்டும் மட்டும் தந்து அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது, "ஆன்டிபயாடிக் ஒன்றும் எழுதவில்லையே, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "பச்சை இல்லையேடா" என்றாள்.

நான்கு நாளில் இளைப்பு தணிந்தது. கப் இப்போது கிணற்றடித் திட்டில் இருக்கிறது. தினமும் காலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கழுவி வைக்கிறாள்.